நாக்குக்கு அடியில் கரையும்வரை

நான் தபால் கந்தோரில் கம்பிக்கு உள்பக்கம் உட்கார்ந்து பழகியவள். தெல்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன உப தபால் கந்தோர் அது. முத்திரைக்கு வந்தவர், காசுக்கட்டளைக்கு வந்தவர், கரண்ட் பில் கட்ட வந்தவர் என்று எல்லோரையும் "ஒவ்வொருத்தரா வாங்க" என்று அதட்டியே காலம் போனது. வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்த வருத்தம், இந்த நோய், வந்ததோ என்னவோ.

இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. சீனி வருத்தக்காரர்கள் ஊரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டா திரிகிறார்கள்? என்னைப் போல மாட்டிக்கொண்டு வெளியே சொல்ல முடியாமல் இருக்கும் பெண்கள் நிறையப் பேர் உண்டு என்று எனக்கு இப்போது தெரியும். அவர்களுக்காகத்தான்.

மழை நாளில் கந்தோர்ப் படியில் சறுக்கி விழுந்ததில் ஆரம்பித்தது. முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்குமாம். அது பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். டவுனில் ஒரு டொக்டர் ட்ரமடோல் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அது அபினுக்குத் தூரத்துச் சொந்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போட்டதும் முதுகு வலி மட்டும் போகவில்லை. மேலிடத்திலிருந்து வரும் கேள்விகள், வீட்டுக் கூரை ஒழுக்கு, மகள் ஷாலினியின் பிடிவாதம் எதுவுமே உறைக்கவில்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாணத்துக்குப் பிறகு அனுபவித்ததே இல்லை என்று என் வீட்டுக்காரர் சேவியரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் தொழிற்சாலை லொறி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. அவரும் சிரித்தார்.

சில மாதங்களில் முதுகுக்காகப் போடுவது நின்றுவிட்டது. போடாவிட்டால் மூக்கு ஒழுகியது, உடம்பு புல்லரித்தது, வயிறு கலங்கியது, கால் இரண்டும் தானாக உதைத்துக்கொண்டன. ஒன்று போட்டால் எல்லாம் நின்றது. சளித் தடிமன் என்று நினைத்தேன். பிறகு அப்படி நினைப்பதை விட்டேன், ஆனால் போடுவதை விட முடியவில்லை. கண்டியில் ஒரு மருந்துக் கடையில் டொக்டரின் துண்டுச்சீட்டைக் கேட்காமலே கொடுப்பார்கள். நான் கந்தோர்க்காரி, நல்ல சேலை கட்டியவள். என்னை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு நாள் மயங்கி விழுந்தது கந்தோரிலேயே. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர் கமலாக்கா. எங்கள் வீட்டுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் இருப்பவர். மகன் பிரபா கொழும்பில் கடையில் நின்றபோது மாதாமாதம் அவன் அனுப்பும் காசை வாங்க வருவார். பிறகு காசு நின்றது. பிறகு அவனே எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். தூள், அதாவது ஹெரோயின், குடிக்கிறான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். "வயித்துல புண்ணு மிஸ், அதான் எளச்சிட்டான்" என்று கமலாக்கா சொல்வார். நானும் நம்புகிற மாதிரித் தலையாட்டுவேன். அன்று அவருக்கு முத்திரையைக் கிழித்துக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், நான் தரையில் கிடக்கிறேன், கமலாக்கா என் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருக்கிறார். வலிப்பு.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எது என்று எழுதப்போவதில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் நல்லவரும் எரிந்துவிழுகிறவரும் கலந்துதான் இருக்கிறார்கள். மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். தலை முழுவதும் வயர் ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பார்க்கும் சோதனையும் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நடைபாதை, உட்கார ஒரு வாங்கு, ஒரு காத்திருப்பு. சேவியர் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என் பெயரைக் கூப்பிட்டால் எனக்கு முன்பே எழுந்து நிற்பார். கட்டி ஒன்றும் இல்லை என்றார்கள். அவர் கும்பிட்டார். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. பையின் அடியில் வைத்திருந்த மாத்திரை அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. அதுதான் என் கவலை முழுவதும்.

பிறகு ஒரு பெண் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட வயது குறைவு. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, என்னென்ன குளிசை போடுறியள்?"

"முதுகு வலிக்கு ஒண்ணு, டொக்டர்."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"ரெண்டு."

அவர் சேவியரைப் பார்த்து, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றார். அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லுங்கோ."

"ஒரு கார்ட் மாத்திர முழுசா. சில நாளைக்கு ரெண்டு."

அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. குளிசை கூடினால் வலிப்பு வரும், உங்களுக்கு வந்தது அதுதான் என்றார். அதற்கு அடியில் இன்னொரு வருத்தம் இருக்கிறது, உடம்பும் மூளையும் அந்த மருந்தையே நம்பிப் பழகிவிட்டன என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் தூள் குடிக்கிறவங்க மாதிரியா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனா கடையில வாங்கினதோ ரோட்டில வாங்கினதோ எண்டு மூளைக்குத் தெரியாது அக்கா."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் அது உண்மை.

இந்த வருத்தத்துக்கு ஆண்களை வைத்திருக்க இடங்கள் உண்டு என்றார்கள். பெண்களுக்கு என்று தனியாக எதுவும் இல்லை. அதனால் என்னைப் பெண்களின் மனநோய் வார்டில் போட்டார்கள். வாசலில் இரும்புக் கதவு, அதற்குப் பூட்டு, சாவி அட்டெண்டனின் இடுப்பில். வெளியே போவதென்றால் கேட்க வேண்டும், கேட்டால் ஏன் என்பார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த நாட்களை நான் விவரிக்கப் போவதில்லை. தோலை உரித்துப் போட்டுவிட்டு எழுந்து ஓடலாமா என்று இருந்தது. கதவு பூட்டியிருந்தது நல்லது என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் யாரும் உள்ளே இருக்கவில்லை.

உடம்பு ஆறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா ரோசம்மா எங்களோடுதான் இருக்கிறாள். கோழி அடித்துக் குழம்பு வைத்தாள், வீடு முழுவதும் தீர்த்தம் தெளித்தாள். இரண்டாவது வாரம் நான் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். ஏன் போனாய் என்று எல்லோரும் கேட்டார்கள். கால் போனது, அவ்வளவுதான். மறுபடி வார்டு, மறுபடி பூட்டு, மறுபடி வீடு, மறுபடி கண்டி. மூன்றாம் தடவை அந்த டொக்டரே, "உங்கட மன உறுதியில பிழை இல்லை. வெறும் கையோட அனுப்பினது எங்கட பிழை" என்றார். அப்போதுதான் புது மருந்தைப் பற்றிச் சொன்னார்.

அதன் பெயர் பியூப்ரனோர்பின். எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். வலி மாத்திரை மூளையில் போய் உட்காரும் கதிரை ஒன்று இருக்கிறது. இந்த மருந்து அதே கதிரையில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மயக்காது, ஆளை அந்தரித்துத் தவிக்கவும் விடாது, வேறு எதையும் அங்கே உட்கார விடாது. விழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்து, முழுதாகக் கரையும்வரை பேசாமல், தண்ணீர் குடிக்காமல், எச்சிலைக்கூட விழுங்காமல் இருக்க வேண்டும். விழுங்கினால் வயிற்றுக்குப் போய் ஈரலிலேயே வீணாகிவிடும். நீண்ட காலம் எடுக்க வேண்டும், சிலர் வருஷக் கணக்கில் எடுப்பார்கள் என்றார். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். ஷாலினிக்கு அப்போது எத்தனை வயதாகும் என்று நான் கணக்குப் போட்டேன்.

முதல் மாத்திரை கரைந்த அன்று கால் உதைப்பது நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் கத்தியது எனக்குக் கேட்டது. வெகு காலத்துக்குப் பிறகு என் தலைக்குள் மாத்திரைக் கணக்கு ஓடாத ஒரு காலைப்பொழுது அது. அழுதேன்.

ஆனால் அடுத்த பொறி அங்கேதான் இருந்தது. அந்த மருந்தை எங்கள் பக்கத்தில் அந்த ஒரு ஆஸ்பத்திரியில் மட்டுமே கொடுத்தார்கள். தினமும் காலையில், அவர்கள் கண் முன்னால் எடுக்க வேண்டும். தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகப் பேராதனைக்கு பஸ் வந்து சேரும்போது காலை முடிந்துவிடும். மலை சரிந்தால் பஸ்ஸே வராது. ஆகவே நான் கண்டி மஹய்யாவயில் சேவியரின் அக்கா, லில்லி மதினி வீட்டில் தங்கினேன். மதினி முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார், எதையும் கேட்கவில்லை. ஆனால் நான் வந்த அன்றே வீட்டிலிருந்த தலைவலி மாத்திரையைக்கூட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். சாப்பாட்டில் எனக்கு மட்டும் முட்டை இருக்கும். இரண்டையும் அன்பாகத்தான் செய்தார். எனக்கு இரண்டுமே பாரமாக இருந்தன.

காலையில் பேராதனைப் பக்கம் போவது, வருவது, அந்த முன்னறையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது. இதுதான் வாழ்க்கை. ஷாலினி போனில் கேட்பாள், "அம்மா, ஒங்க ஆஸ்பத்திரி எப்ப முடியும்?" சீக்கிரம் என்பேன். கந்தோரில் எனக்குப் பதிலாக ஒரு பெண்ணை இருத்தியிருந்தார்கள். லீவு தீர்ந்தால் அவளையே நிரந்தரமாக்கிவிடுவார்கள். மருந்தை எடுத்தால் வீடும் வேலையும் இல்லை. வீட்டுக்குப் போனால் மருந்து இல்லை. மருந்து இல்லாமல் நான் எங்கே போவேன் என்று எனக்கும் தெரியும், சேவியருக்கும் தெரியும். எனக்கு வேண்டியதெல்லாம் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது. அதை நினைக்கும்போதெல்லாம் பெரிய பேராசை மாதிரித் தோன்றும்.

கிளினிக்கில் ஒரு கம்பி ஜன்னல். நான் அதன் வெளிப்பக்கம். எனக்கு முன்னாலும் பின்னாலும் பெரும்பாலும் இளைஞர்கள். ஒருவன் ஒரு நாள் எனக்கு இடம் விட்டு, "முன்னுக்குப் போங்க அம்மா" என்றான். அவனைவிட நான் மேல் என்று காட்ட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாத்திரையை வாயில் வைத்ததும், மருந்து கொடுக்கும் நர்ஸ் மிஸ்ஸி, "கட வஹன்ன அக்கா" என்பார். சிங்களத்தில் வாயை மூடு என்று அர்த்தம். கரைந்த பிறகு டோர்ச் அடித்து, "நாக்கு மேல தூக்கு" என்பார். சிலர் மாத்திரையை ஒளித்து வைத்து வெளியே விற்பார்களாம், அதற்காக. ஊருக்கே கையொப்பம் சரிபார்த்தவள், ஒரு சின்னப் பெண் முன்னால் தினமும் நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வெள்ளி வந்தது. கிளினிக் திங்கட்கிழமைதான் திறக்கும் என்பதால், ஒழுங்காக வருகிறவர்களுக்கு மட்டும் அந்த நாட்களுக்கான மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். தொலைத்தால் இனிமேல் கிடையாது, ஆளையே பட்டியலிலிருந்து எடுத்தாலும் எடுப்போம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் அந்தச் சின்னப் பைக்கற்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஷாலினி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தபடியே வீட்டுக்குள் நடந்தோம்.

எங்கள் வீட்டில் பெரிய வெள்ளி என்றால் ஒருசந்தி. மாலையில் சிலுவை முத்தி செய்து வரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. மருந்து சாப்பாடு இல்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சிலுவைப்பாதையில் மலை ஏறி இறங்கி, கோயிலில் முழங்காலில் நின்று, வந்ததும் கட்டிலில் சாய்ந்துவிட்டேன். அம்மா எழுப்பினாள். இஞ்சி தட்டிப் போட்ட இனிப்பான தேயிலைச் சாயத்தண்ணி.

"குடி புள்ள. வெறும் வயித்தோட இருக்க."

குடித்தேன். அடியில் கொஞ்சம் கசந்தது. இஞ்சி என்று நினைத்தேன்.

பிறகு பைக்கற்றைத் தேடினேன். வீட்டுக்கு வந்ததும் வைத்த அலுமாரியில் இல்லை, பையில் இல்லை. அம்மா அடுப்படியில் நின்று சொன்னாள், "எதுக்குத் தேடுற? அதத்தான் குடிச்சிட்டியே."

மூன்று நாள் மாத்திரையையும் நுணுக்கி அந்தச் சாயத்தண்ணியில் கரைத்திருக்கிறாள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் புண்ணாகும் என்று கரைத்தது ஒன்று. மற்றது அவள் மனதுக்குள் வைத்திருந்த நேர்ச்சை. உயிர்ப்புத் திருநாள் விடியும்போது மகள் ஒரு மாத்திரையும் இல்லாதவளாக எழும்ப வேண்டும். எல்லாவற்றையும் வெள்ளியோடு முடித்துவிட்டால் ஞாயிறு சுகமாகிவிடும் என்று அந்தோனியாரிடம் சொல்லி, மெழுகுதிரியும் ஏற்றியிருக்கிறாள்.

நான் கத்தினேன். இதுவரை அம்மாவை அப்படிப் பேசியதில்லை. ஷாலினி அழுதுகொண்டு வெளியே ஓடினாள். அம்மா ஒன்றும் விளங்காமல், ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்றாள். "மருந்த குடுத்ததுக்கா புள்ள இப்புடிக் கத்துற?"

டொக்டரின் தனி நம்பர் என்னிடம் இல்லை. விழுங்கிய மருந்து வீண் என்பது மட்டும் தெரியும். சனிக்கிழமை உடம்பு ஒரு மாதிரி இருந்தது. ஞாயிறு பூசையில் எல்லோரும் அல்லேலூயா பாடும்போது எனக்கு மூக்கு ஒழுகியது, முதுகெல்லாம் புல்லரித்தது. கிளினிக் பூட்டியிருந்தது. கண்டியில் அந்தக் கடை திறந்திருக்கும். அதை நினைத்தபடிதான் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்கப் போனேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேவியரிடம், "என் பேர்ஸை எடுத்து வெச்சிக்கங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டார். வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு உள்ளே வந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, உதைக்க உதைக்கத் தைலம் தேய்த்தார். விட்டுவிடுங்கள், போகட்டும், எனக்கு வேண்டாம் இந்த உயிர் என்றெல்லாம் சொன்னேன். "திங்கக் கெழம போறோம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

திங்கட்கிழமை தொழிற்சாலை லொறியிலேயே கூட்டிப்போனார். அம்மா தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கம்பி ஜன்னலில் இருந்தவர், காலிப் பைக்கற்றையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "வித்துட்டியா?" என்று சிங்களத்தில் கேட்டார். வரிசை முழுவதும் கேட்டது. டொக்டரிடம் அனுப்பினார்கள்.

டொக்டரும் அன்று களைத்திருந்தார். "அம்மா தேத்தண்ணியில கரைச்சவ எண்டுறியள். அக்கா, இந்தக் கதிரையில இருந்து எத்தினை கதை கேட்டிருப்பன்?"

நான் வாயைத் திறக்க முன்பே அம்மா முன்னால் வந்து நின்றாள். "அவ பொய் சொல்லலீங்க டொக்டரம்மா. நான்தான் அம்மில வச்சி நுணுக்குனேன். வெறும் வயித்துல புண்ணாயிடுமேன்னு சீனி கூடப் போட்டுக் கரச்சேன். ஞாயித்துக்கெழம அவ சொகமா எந்திரிக்கணும்னு நேந்துக்கிட்டேன். தப்புன்னா என்னையப் புடிச்சி வைங்க. அவளுக்கு மருந்தக் குடுங்க."

டொக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு அம்மாவை உட்காரச் சொன்னார். "ஓம், இது ஒருத்தரும் சோடிக்கக்கூடிய கதை இல்லை" என்றார். "உங்களுக்கு இந்த மருந்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே அம்மா?"

"இல்லீங்க."

விழுங்கினால் ஏன் வேலை செய்யாது என்று டொக்டர் விளக்கினார். அம்மா தலையாட்டினாள், ஆனால் விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஈரல், இரத்தம் என்பதெல்லாம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் நடுங்கிக்கொண்டே சொன்னேன், "அம்மா, புதுநன்மைக்கு, மொத மொதல்ல அப்பம் வாங்கையில, எனக்கு என்னா சொல்லிக் குடுத்த? கடிக்கக் கூடாது, பேசக் கூடாது, கரையிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருன்னு சொன்னியே. இதையும் அப்புடித்தான்."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அதையும் இதையும் ஒண்ணாக்காத புள்ள" என்று முணுமுணுத்தாள். ஆனால் மிஸ்ஸி மாத்திரையைக் கொண்டுவந்து என் நாக்குக்கு அடியில் வைத்ததும், அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். அம்மா திரும்பி முறைத்தாள். அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

டொக்டர் என்னை விலக்கவில்லை. அதே நேரம், கையில் கொடுப்பதும் நின்றது. மறுபடி மஹய்யாவ, மறுபடி முன்னறை. போகும்போது டொக்டர், இந்த மருந்தை ஊர்களில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் கொடுக்கக் கேட்டிருக்கிறோம் என்றார். எல்லோரும் நல்லது என்கிறார்கள், ஆனால் அந்தப் பக்கங்களில் அப்படி நோயாளிகளே இல்லை என்று எழுதுகிறார்களாம்.

"நான் இருக்கேனே" என்றேன்.

"பேரைப் போட்டு எழுதட்டே?"

சம்மதித்தேன். அதன் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்பு. ஒரு நாள் அனுமதி வந்தது என்பார்கள், அடுத்த நாள் பூட்டி வைக்கும் அலுமாரி இல்லை என்பார்கள். அலுமாரி வந்தால் பயிற்சி எடுத்த மிஸ்ஸி இல்லை என்பார்கள். கந்தோர்க்காரி நான், இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னவள்தான். லீவு முடியக் கொஞ்சம் இருக்கும்போது டொக்டர் கூப்பிட்டு, "வாற திங்களிலயிருந்து நீங்கள் உங்கட ஊரிலயே எடுக்கலாம்" என்றார். சந்தோஷத்தில் துள்ளியிருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்தது.

ஏனென்றால் பேராதனைப் பக்கத்து வரிசையில் என்னை யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய கடிதத்தை நான் கொடுத்திருக்கிறேன், அவர்களுடைய காசை எண்ணியிருக்கிறேன். அவர்கள் நடுவில் தினமும் வாயை மூடி உட்கார்ந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். வீடு கேட்டேன், வீடு இந்த விலைக்குத்தான் வந்தது. ஞாயிறு முழுவதும் அம்மாவோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். யாராவது கேட்டால் முதுகு வருத்தத்துக்கு மருந்து என்று சொல்வது. எனக்கு அந்த நேரம் வாய் திறக்க முடியாது, ஆகவே அம்மா சொல்வது. அது முழுப் பொய்யும் இல்லை என்று அம்மாவுக்குச் சமாதானம் சொன்னேன்.

திங்கள் காலை ஷாலினியைப் பாடசாலைக்கு நானே அனுப்பிவிட்டு, அம்மாவோடு நடந்துபோனேன். புது மிஸ்ஸிக்கு என்னைவிடப் பயம். அளவை இரண்டு தடவை பார்த்துவிட்டு மாத்திரையை வைத்தார். நடைபாதை வாங்கில் உட்கார்ந்தேன். அம்மா தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரஷர் கிளினிக்குக்கு வந்தவர்கள் எதிரே நின்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போது கமலாக்கா வந்தார். கையில் பிரஷர் துண்டு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, மிஸ்! எப்ப வந்தீங்க? ஒங்கள நெனச்சி அழாத நாளில்ல. என்னா வருத்தம்னு கடைசில கண்டுபுடிச்சாங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கமலாக்காவைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அம்மா பேசத் தயாராகும்போது மூக்கை ஒருமுறை உறிஞ்சுவாள், இப்போதும் உறிஞ்சினாள்.

"அவளுக்குப் பேச ஏலாது கமலா. மருந்து கரையுது" என்றாள். பிறகு நாங்கள் பேசி வைத்ததை விட்டுவிட்டாள். "வலி மாத்திர பழகிப்போயி விட முடியாம மாட்டிக்கிட்டா. அதாலதான் அன்னிக்கி கந்தோருல விழுந்தா. முதுகு வருத்தம்னு நாங்களும் சொல்லித்தான் பாத்தோம். இப்ப இதுக்கு மருந்து இருக்கு. தூள் குடிச்சவங்களுக்கும் இதே மருந்துதானாம். இனிமே இங்கயே குடுக்குறாங்க."

எதிரே நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். என் முகம் எரிந்தது. எழுந்து ஓடியிருப்பேன், ஆனால் மாத்திரை இன்னும் கரையவில்லை. எழுந்தால் இருமல் வரும், இருமினால் விழுங்கிவிடுவேன். ஆகவே உட்கார்ந்திருந்தேன்.

கமலாக்கா பிரஷர் துண்டை மடித்தார். மறுபடி பிரித்தார். சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"எங்க பிரபாவையும் இப்புடிப் பேசாம ஒக்காரச் சொல்லுவாங்களா பெரியம்மா?"

"ஆமா. கரையிற வரைக்கும்."

"அவன் பேசியே ரொம்ப நாளாச்சி" என்றார் கமலாக்கா.

நான் அம்மா பக்கமாக நகர்ந்து, வாங்கில் அவருக்கு இடம் விட்டேன்.